தேரடியில் துரத்தியவர்கள்

கனடாவில் பிறந்து வளர்ந்த என் தங்கையின் மகன் போன மாதம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். "மாமா, யாழ்ப்பாணத்தில இப்ப நல்ல குரு ஆரும் இருக்கினமோ? நான் வந்தா ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவீங்களோ?" இருபத்தாறு வயது. வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, இரவில் நித்திரை இல்லை. அத்வைதம், சென், தாவோ என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வாசித்து, யூடியூபில் அகப்பட்ட சுவாமிமாரையெல்லாம் கேட்டுக் களைத்துப்போய் இங்கே வந்து நிற்கிறான். 'இருக்கினம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் பதில் சொன்னால் அவனை ஏமாற்றியதாகிவிடும். குரு என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் ஒரு தனிக்கணக்கு இருக்கிறது. அது தெரியாமல் தேடினால் கிடைப்பது வேறு எதுவோவாகத்தான் இருக்கும்.

சைவ சித்தாந்தம் குருவை எப்படிப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். அதில் எட்டாவது சூத்திரம் ஐம்புலன்களை வேடர்களாகக் காட்டுகிறது. வேடர் கையில் அகப்பட்டு, அவர்களோடு வளர்ந்து, தானும் வேடன்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும் அரசகுமாரன் மாதிரித்தான் உயிர். ஒருநாள் அரசனே வந்து "நீ என் பிள்ளை" என்கிறான். அவ்வளவுதான் நடக்கிறது. அரசன் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. பிள்ளை புதிதாக எதுவும் ஆகவில்லை. ஏற்கனவே இருந்த உறவு தெரியவந்தது.

அரசன் அரச கோலத்தில் வந்தால் வேடப்பிள்ளை பயந்து ஓடிவிடும். ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களும் உடைய, 'சகலர்' எனப்படும் எங்களைப் போன்றவர்களுக்கு இறைவன் மனித உருவிலேயே வருகிறான் என்று சித்தாந்திகள் சொல்வது அதனால்தான். சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் இதற்கு ஓர் உவமை சொன்னார். காட்டில் மானைப் பிடிக்கப் பழக்கிய மான் ஒன்றை முன்னே விடுவார்கள். அந்தப் பழகிய மானுக்குப் 'பார்வை' என்று பெயர். குரு அப்படி ஒரு பார்வை. மனிதனைப் பிடிக்க வந்த மனிதன். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நடுக்கமும் வரும். மானைக் காட்டி மானைப் பிடிக்கும் வித்தை இறைவனுக்கு மட்டுமா தெரியும்? வேடனுக்கும் தெரியும். குரு என்ற ஏற்பாட்டின் முழு ஆபத்தும் அந்த உவமைக்குள்ளேயே இருக்கிறது.

இங்கே நடைமுறையில் குரு என்றால் பெரும்பாலும் தீட்சை தரும் சிவாசாரியார்தான். சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை என்ற படிகள் உண்டு. 'தீட்சை கேட்டவர்' என்றால் மச்சம் மாமிசம் விட்டவர், அனுட்டானம் பார்ப்பவர் என்று ஊருக்குத் தெரியும். இந்த ஒழுங்கை அச்சிலும் பள்ளிக்கூடத்திலும் நிலைநிறுத்தியவர் நல்லூரில் 1822 இல் பிறந்த ஆறுமுக நாவலர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிசனரிமாரிடம் இருந்த ஆயுதங்களையே, அதாவது பள்ளிக்கூடம், அச்சியந்திரம், வினாவிடை என்பவற்றையே கையிலெடுத்துச் சைவத்தைக் காத்தார். அவர் இல்லாவிட்டால் இன்று எங்கள் வீடுகளில் திருமுறை இருந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் அந்தக் காப்புக்கு ஒரு விலை இருந்தது. சமயம் பாடமாயிற்று, பாடம் சோதனையாயிற்று. ஏட்டிலும் ஆகமத்திலும் எழுதப்படாத பைத்தியக்காரத்தனமான பக்திக்கு அந்த வகுப்பறையில் வாங்கு போடவில்லை.

அந்த வகுப்பறை இந்தச் சமூகத்துக்கு மிகப் பொருந்தியும் இருந்தது. 'கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில (அரசாங்கத்தில்) மேய்க்க வேணும்' என்று சொன்ன சமூகம் இது. காணி உறுதி, சீதன உறுதி, சோதனை முடிவு, அரசாங்க உத்தியோகம், பென்சன் என்று வாழ்க்கை முழுவதையும் கடுதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்துப் பெட்டிக்குள் பூட்டிவைக்கும் சனம் நாங்கள். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. மாரியில் மட்டும் மழை பெய்யும், வற்றாத ஆறு இல்லாத வரண்ட மண்ணில் கிணறும் படிப்பும்தான் உயிர். ஆனால் அந்த மனம் கோயிலுக்குள் போகும்போதும் கணக்குக் கொப்பியோடுதான் போகும். எத்தனை விரதம், எத்தனை அபிசேகம், என்ன பலன்?

இந்தக் கணக்குக் கொப்பியைக் கிழிக்க வந்தவர்கள்தான் தேரடிச் சுவாமிமார் என்பது என் எண்ணம். அவர்கள் வெளியிலிருந்து வரவில்லை. அதே கச்சேரியிலிருந்தும், அதாவது அரசாங்கக் கந்தோரிலிருந்தும், அதே களஞ்சியத்திலிருந்தும் வந்தார்கள்.

அந்தச் சுவாமிமார் பரம்பரையின் தொடக்கத்தில் கடையிற் சுவாமி நிற்கிறார். இந்தியாவில் நீதிபதியாக இருந்தவர், ஒருவனுக்கு மரணதண்டனை விதிக்க நேர்ந்ததும் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர் என்பது கர்ணபரம்பரை. யாழ்ப்பாணம் பெரிய கடையில், வியாபாரிகளுக்கும் வண்டிக்காரருக்கும் நடுவே திரிந்தவர் என்பதால்தான் அந்தப் பெயர். மடம் இல்லை, பூசை இல்லை. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடுவார் என்கிறார்கள். யார் கையில் தண்ணீர் வாங்கலாம், யார் கையில் வாங்கக்கூடாது என்று எல்லை போட்டு வாழ்ந்த ஊரில் அதுவே பெரிய போதனை.

அடுத்தவர் செல்லப்பா சுவாமி. கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். பிறகு நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில், வில்வமரத்தடியில் அழுக்கு வேட்டியோடு கிடந்து, தன்பாட்டில் பேசிச் சிரித்து, வருவோர் போவோரை ஏசிக்கொண்டிருந்தார். ஊர் அவரை 'விசர்ச் செல்லப்பா' என்றது. அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் எனக்கு மறக்கமுடியாதது பானைக் கதை. அரிசி சேர்த்து, கறி சேர்த்து, அடுப்பு மூட்டி, புகைக்குள் குந்தியிருந்து பொறுமையாகச் சமைப்பாராம். பசியோடு காத்திருப்பவர்கள் இலையை விரிக்கும் நேரம், காலால் ஓர் உதை. பானை உடைந்து சோறு மண்ணில் கிடக்கும். 'பலனில் ஆசை வைக்காதே' என்பதை நாங்கள் வகுப்பில் எத்தனையோ தரம் பாடமாக்கியிருக்கிறோம். வயிறு காய்ந்துபோய் அந்தச் சோற்றைப் பார்த்தவனுக்குத் தெரிந்தது வேறு விதமாகத் தெரிந்திருக்கும்.

1905 ஆம் ஆண்டளவில் அந்தத் தேரடியால் போன ஒருவரைப் பார்த்து "ஆரடா நீ?" என்று செல்லப்பா சத்தம் போட்டார். போனவர் மாவிட்டபுரத்தில் 1872 இல் பிறந்து, கொழும்புத்துறையில் வளர்ந்து, கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். சாமான் எத்தனை வந்தது, எத்தனை போனது, மிச்சம் எத்தனை என்று எழுதுவதுதான் அவருடைய தொழில். அந்தக் கேள்விக்குப் பிறகு அவருடைய பேரேட்டில் எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர்தான் யோகர் சுவாமி.

குருவும் சீடனும் சேர்ந்து வாழ்ந்த கதை என்று இதை எண்ணிவிடக்கூடாது. செல்லப்பா ஏசினார், துரத்தினார், மறுபடி வந்தால் மறுபடியும் துரத்தினார். கடைசியில் ஒரேயடியாகப் போகச் சொன்னார். ஒரு தறியில் இரண்டு யானையைக் கட்டலாமா என்று கேட்டாராம். 1915 இல் செல்லப்பா சமாதியடைந்தார். யோகர் கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தடியில் வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்காக இருந்தார். பின்னர் ஒரு கொட்டில். அரை நூற்றாண்டு அந்தக் கொட்டிலுக்குப் படித்தவன், படியாதவன், வழக்கறிஞன், சுருட்டுக்காரன், மந்திரி என்று வராதவர் இல்லை. வந்தவர் வாய் திறக்குமுன்னே விடை சொல்லி அனுப்பியதும் உண்டு. படலையிலேயே "போடா" என்று கலைத்ததும் உண்டு. தன்னைப் படம் எடுக்க விரும்பமாட்டார் என்பார்கள். 1964 மார்ச்சில் மறைந்தபோது அவருக்கு 91 வயது. தனக்குப் பிறகு இன்னார் என்று ஒரு பீடத்தையும் வைத்துவிட்டுப் போகவில்லை. 1935 இல் தொடங்கிய 'சிவதொண்டன்' இதழும் 1953 இல் உருவான சிவதொண்டன் நிலையமும் அவர் பெயரோடு இருக்கின்றன. அங்கே போனால் குரு என்று ஒருவர் உங்களைப் பார்த்து இருக்கமாட்டார். திருவடி இருக்கிறது, அமைதி இருக்கிறது, இருப்பதற்கு நிலம் இருக்கிறது.

'கீழைத் தத்துவம்' என்ற சொல்லைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும், என் மருமகன் அதை அடிக்கடி பாவிப்பதால். அந்தச் சொல் பெரும்பாலும் மேற்கே இருப்பவர்களுக்காக எழுதியவர்களால் பரவியது. அப்படி எழுதியவர்களில் எங்கள் ஆட்களும் முன்னணியில் இருந்தார்கள். பொன்னம்பலம் அருணாசலம் தன் கேம்பிரிட்ஜ் நண்பர் எட்வர்ட் கார்ப்பென்டரை 1890 இல் இலங்கைக்கு அழைத்துத் தன் குருவான இராமசுவாமி என்ற ஞானியிடம் கொண்டுபோய் விட்டார். கார்ப்பென்டர் அந்தச் சந்திப்பைத் தன் பயண நூலில் எழுதி ஆங்கில வாசகருக்குக் கொடுத்தார். அருணாசலத்தின் அண்ணன் இராமநாதன் யோவான் சுவிசேசத்துக்கே சைவக் கண்ணோடு உரை எழுதியவர். ஆனந்த குமாரசுவாமி பொஸ்டன் நூதனசாலையில் இருந்துகொண்டு நடராசர் திருவுருவை உலகத்துக்கு விளக்கினார். பெரிய வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் விளக்கம் கேட்பவனுக்கு ஏற்ற மாதிரித்தான் வரும். தேரடியில் நடந்ததற்கு கீழை என்றும் இல்லை, மேலை என்றும் இல்லை. சோல்பரிப் பிரபு இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்தவர். அவருடைய மகன் யோகரிடம் வந்து சாந்தசுவாமி ஆனார். ஜெர்மானியரான கௌரிபாலா சுவாமி செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் காலங்கழித்தார். தத்துவம் படிக்க வந்தவர்கள் அவர்கள். இங்கே ஏச்சு வாங்கினார்கள், தங்கினார்கள்.

இனி இந்தப் பரம்பரையின் நான்கு வாசகங்களுக்கு வருகிறேன். எப்பவோ முடிந்த காரியம். நாம் அறியோம். முழுதும் உண்மை. ஒரு பொல்லாப்பும் இல்லை. செல்லப்பா முணுமுணுத்ததை யோகர் பாட்டிலும் பேச்சிலும் ஊரெல்லாம் பரப்பினார். இன்று நாட்காட்டியில் இருக்கிறது, கடைச் சுவரில் இருக்கிறது. பஸ்ஸைத் தவறவிட்டவனும் "எப்பவோ முடிஞ்ச காரியம்" என்கிறான். மகாவாக்கியம் என்று பெயர் வைத்து வடமொழி வாக்கியங்களோடு சேர்த்துப் பொருள் சொல்லும் பழக்கமும் உண்டு. எனக்கு அந்த வழி திருப்தியில்லை. இவை தமிழில், அதுவும் யாழ்ப்பாணத் தமிழில் பிறந்தவை. பொருளை அந்தத் தமிழுக்குள்ளேயே தேட வேண்டும்.

'நாம் அறியோம்' என்பதைப் பாருங்கள். தமிழில் 'நாங்கள்' என்றால் கேட்பவன் வெளியே நிற்கிறான். 'நாம்' என்றால் கேட்பவனும் உள்ளே வந்துவிடுகிறான். குரு 'எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது' என்று சொல்லவில்லை. 'எங்களுக்குத் தெரியாது, நீ போய்க் கேள்' என்றும் சொல்லவில்லை. அறியாமைக்குள் சீடனோடு கூடவே போய் இருக்கிறார். எத்தனையோ ஆசிரமங்களின் முழு அமைப்பும் குருவுக்குத் தெரியும் என்ற ஒரே தூணில்தான் நிற்கிறது. இந்தச் சிறிய 'நாம்' அந்தத் தூணை எடுத்துவிடுகிறது.

'முழுதும் உண்மை' சித்தாந்தத்தின் குரல். உலகம் பொய், கனவு, தோற்றம் என்று சொல்லித் தப்பிக்க இங்கே இடமில்லை. கயிற்றைப் பாம்பென்று கண்டு பயந்தவனின் பழைய உவமையில்கூடப் பாம்பும் உண்மை, கயிறும் உண்மை, பயந்ததும் உண்மை. துன்பப்படுகிறவனிடம் 'இது மாயை' என்று சொல்லும் ஞானம் எனக்கு எப்போதும் கூசும். அவன் துன்பம் உண்மை என்று ஒத்துக்கொள்ளும் வாசகம் இது.

அப்படியானால் 'ஒரு பொல்லாப்பும் இல்லை' என்றால் என்ன? இதில்தான் நான் வழுக்கி விழுந்தேன். 2009 இல் போர் முடிந்து ஓர் ஆண்டு கழிந்திருக்கும். வன்னியில் மகனைப் பறிகொடுத்த அயலட்டை மாமி ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். உடல் கிடைக்கவில்லை, ஆண்டுத் திவசம் செய்வதா விடுவதா என்று ஆட்கள் விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். மாமி தூணோடு சாய்ந்து, மடியில் ஒரு சுளகை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்து, வாசித்த திமிரில், "சுவாமி சொன்னது மாதிரி ஒரு பொல்லாப்பும் இல்லை மாமி" என்று சொல்லிவிட்டேன். அவர் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பாராமலே, "அதைச் சொல்லுற ஆள் நீ இல்லைத் தம்பி" என்றார். பிறகு சுளகைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

அந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் மறுபடியும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. 'ஏன் வீண் பொல்லாப்பு?', 'பொல்லாப்புத் தேடிக்கொள்ளாதை' என்று எங்கள் வீடுகளில் சொல்வோம். பொல்லாப்பு என்றால் பகை, மனக்கசப்பு, வீண் பழி. உலகத்தில் தீமையே கிடையாது என்ற தத்துவ அறிவிப்பாக இதைப் பெருப்பித்தவர்கள் நாங்கள். தேரடியில் அது ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் சொல்லும் பேச்சு: உன்மேல் பழி இல்லை, உனக்கும் அதற்கும் பகை இல்லை, பயப்படாதே. அது பயந்து நிற்கிறவன் முகத்தைப் பார்த்து, அந்தப் பயத்தைத் தானும் கடந்துபோன ஒருவர் சொல்ல வேண்டியது. கொடுமை செய்தவனை விடுவிக்கும் தீர்ப்பும் அல்ல, அழுகிறவளின் வாயை மூடும் துணியும் அல்ல. போர் முடிந்த ஊரில் இந்த வாசகத்தைச் சுவரில் எழுதுகிறவர்கள் ஒருமுறை அந்த விறாந்தையில் இருந்துவிட்டு எழுத வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்க எனக்கு மனமில்லை. சாதியைச் சொல்லி ஆட்களை மறிப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்தது. பதினொரு ஆண்டு கழித்து, 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக வந்த ஒடுக்கப்பட்ட மக்களை வாசலில் மறித்து நின்றார்கள். யோகர் பிறந்த ஊர் அது. அவர் மறைந்து நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. மறித்தவர்களிலும் அவர்களுக்கு ஒத்தாசை செய்தவர்களிலும் எத்தனை வீட்டுச் சாமியறையில் சுவாமியின் படம் தொங்கியிருக்கும் என்று எண்ணினால் நெஞ்சு அடைக்கிறது. பெரிய கடையில் எவர் கையிலும் வாங்கி உண்டவரின் பரம்பரையை நாங்கள் நாட்காட்டியில் வைத்தோம். வாசலில் நின்றவனிடம் "ஆரடா நீ?" என்று எங்கள் ஆட்களும் கேட்டார்கள். கேட்டது சாதியை. குரு இருந்துவிட்டால் சமூகம் தானாகத் திருந்தும் என்று நம்புகிறவர்களுக்கு நான் காட்டும் இடம் அந்த வாசல்தான்.

இன்றைய குருமாரைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. மூன்று நாள் வகுப்பு ஒன்றுக்கு நானும் போனேன். பணம் கட்டி, படிவம் நிரப்ப வேண்டும். 'உங்கள் வாழ்க்கையில் நிறைவு எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள் புள்ளடி இடுக' என்று ஒரு வரி. மூன்றாம் நாள் அதே படிவம் மறுபடியும் வந்தது, புள்ளி கூடியிருக்கிறதா என்று பார்க்க. அதோடு அடுத்த படி வகுப்பின் கட்டண விபரம். மூச்சுப் பயிற்சி நன்றாகத்தான் இருந்தது. படிப்பித்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஆனால் அது கணக்குக் கொப்பியைக் கிழிக்கவில்லை. புதிய கொப்பி ஒன்றை என் கையில் தந்தது. எங்களுக்கு அது ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்றும் விளங்கியது. ரியூசனுக்குப் போய் வளர்ந்த எங்களுக்குப் படியும் புள்ளியும் சான்றிதழும் இருந்தால்தான் ஒரு விசயம் மெய்யென்று படும்.

அதைவிடக் கொடியதும் நடந்திருக்கிறது. மாத்தளையில் பிறந்து, இனக்கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்குப் போய்த் திருச்சிக்குப் பக்கத்தில் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவுக்கு 1997 இல் புதுக்கோட்டை நீதிமன்றம் பாலியல் வன்கொடுமை, கொலைக் குற்றங்களுக்காக ஆயுள் தண்டனை விதித்தது. அங்கே அடைக்கலம் என்று இருந்தவர்களில் எங்கள் அகதிப் பிள்ளைகள் இருந்தார்கள். வீடும் நாடும் போன பிள்ளை அப்பா என்று ஒருவரின் காலைப் பிடித்தது. உமாபதி சிவம் சொன்ன அந்தப் பழகிய மான் வேடன் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். குருட்டை நீக்காத குருவைப் பிடித்துக் குருடும் குருடும் சேர்ந்து குழியில் விழுவதைத் திருமூலர் என்றோ பாடிவைத்தார். குருவின் பெருமையை அத்தனை உருக்கமாகப் பாடிய அதே வாய்தான் இதையும் சொன்னது. எங்கள் மேடைகளில் முதற் பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

மருமகனுக்கு இதில் பாதியைத்தான் குரல் பதிவில் சொன்னேன். அவன் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: உன்னை வா வா என்று கூப்பிடுகிற எவரிடமும் நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன். உன்னைப் போகச் சொல்லக்கூடியவர் இப்போது இருந்தால், அவர் பெயர் எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவர் தன்னைத் தெரியப்படுத்தியிருக்கமாட்டார். யாரிடமும் உன் பணத்தையோ உடம்பையோ முடிவெடுக்கும் உரிமையையோ கொடுத்துவிடாதே. நித்திரை வராததற்கு முதலில் வைத்தியரைப் பார்.

ஆவணியில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். நல்லூர்க் கொடியேறி இருபத்தைந்து நாளும் சனம் நெரியும். அந்த நாட்களில் தேரடியில் ஒரு கால் வைக்க இடம் இராது. திருவிழா முடிந்து, கடைகள் கழற்றி, வீதி மணலைக் கூட்டி முடித்த பிறகு ஒரு விடியற்காலை போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். செல்லப்பா சுவாமி இருந்த இடத்தில் சின்னதாக ஒரு கோயில் இருக்கிறது. கற்பூரம் கொளுத்தலாம். அதற்குப் பிறகு செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கமரா கொண்டுவரலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.